ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டுவதா, விண்டோஸோடு வருவதே போதுமா?

அக்காவின் கம்ப்யூட்டரில் ஓர் ஆன்டிவைரஸ் இருந்தது. அவளாக வாங்கிப் போடவில்லை, கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது. முதல் வருடம் இலவசம். வருடக் கடைசியில் ஏதோ ஒரு பெட்டி கேட்டதே என்று கார்டு எண்ணைக் கொடுத்திருக்கிறாள். அடுத்த வருடத்துக்கான பணம் அவளுக்குத் தெரியாமலே போயிருக்கிறது. மூன்றாம் வருடம் அந்த கார்டு காலாவதியாகிவிட்டதால் பணம் போகவில்லை. அன்றிலிருந்து திரையின் வலது மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி: உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை.

“டேய், இதையே புதுப்பிக்கவா, இலவசமா ஏதாவது போடவா, இல்ல எல்லாத்தையும் தூக்கிட்டு விண்டோஸ்ல இருக்கறதையே விட்டுடவா? ஒரே வார்த்தையில சொல்லு” என்று போன் செய்தாள்.

ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று வழிகளையும் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டு நாளின் கணக்கு. இங்கே பேச்சு வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரைப் பற்றி. மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் சொந்தப் பாதுகாப்புகளான எக்ஸ்ப்ரொடெக்ட் 2009-லிருந்தும், கேட்கீப்பர் 2012-லிருந்தும் கூடவே வருகின்றன. அங்கேயும் கேள்வி கிட்டத்தட்ட இதேதான், ஆனால் அவசரம் குறைவு.

முதலில் எல்லோரும் போகும் இடத்துக்கே நானும் போனேன்: சோதனைக்கூட மதிப்பெண்கள். இதில் பேர் பெற்றவை மூன்று. ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், பிரிட்டனில் எஸ்இ லேப்ஸ். ஏவி-டெஸ்ட் மூன்று பாடத்துக்கு மதிப்பெண் போடுகிறது: பாதுகாப்பு, வேகம், பயன்பாடு. ஒவ்வொன்றுக்கும் 6, மொத்தம் 18. பயன்பாடு என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் தவறான எச்சரிக்கைகளைத்தான். நல்ல கோப்பை வைரஸ் என்று பிடித்தால் அங்கே மதிப்பெண் குறையும். சோதனையில் கலந்துகொள்ளும் நிறுவனங்களிடம் இந்தக் கூடங்கள் கட்டணம் வாங்குகின்றன என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதனாலேயே முடிவுகள் பொய் என்று ஆகிவிடாது. எப்படிச் சோதித்தோம் என்பதை அவர்கள் வெளியிடவும் செய்கிறார்கள். ஆனால் “முதலிடம்” என்ற பட்டை எந்தெந்தப் பெட்டியின் மேல் ஒட்டப்படுகிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒரே வருடத்தில் நாலு நிறுவனங்கள் முதலிடம்.

சிரிப்புக்குக் காரணம் எளிய கணக்கு. ஒரு சோதனையில் 400 தாக்குதல்களை ஏவிப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைத் தவறவிட்ட மென்பொருளுக்கு 99.75 சதவீதம். இரண்டைத் தவறவிட்டதற்கு 99.5. அட்டவணையில் ஒன்று மேலே, மற்றது நாலு இடம் கீழே. வித்தியாசம் ஒரே ஒரு கோப்பு. அடுத்த சுற்றில் இரண்டும் இடம் மாறி நிற்கும். எனவே ஒரு சுற்றின் வரிசையைப் பார்த்துக் கடைக்குப் போவதில் அர்த்தமில்லை. இரண்டு வருட முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்து, நடுவில் எங்காவது தடாலென்று விழுந்திருக்கிறதா என்பதைக் கவனித்தால் போதும். விழாமல் மேல்வரிசையில் நிற்பவை எட்டுப் பத்து இருக்கும். அவற்றுக்குள் கண்டுபிடிக்கும் திறனை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால் அது அந்தச் சுற்றின் நூறு. எல்லா வைரஸையும் தவறில்லாமல் கண்டுபிடிக்கும் ஒரு பொது வழிமுறை இருக்கவே முடியாது என்று 1980-களிலேயே ஃபிரெட் கோஹன் கணித ரீதியாக நிரூபித்துவிட்டார்.

ஒரு விஷயத்தை மட்டும் இந்த அட்டவணைகள் தெளிவாகக் காட்டின. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் பழைய டிஃபெண்டர் இல்லை.

விண்டோஸோடு வருவது

டிஃபெண்டரைப் பற்றி நம்மில் பலருக்கு இருக்கும் ஏளனம் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது. மைக்ரோசாஃப்ட் 2004-ல் ஜெயன்ட் என்ற சிறு நிறுவனத்தை வாங்கி அதன் உளவுநிரல் தடுப்பானைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. 2009-ல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்று இலவசமாக ஓர் ஆன்டிவைரஸ் கொடுத்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அதையே டிஃபெண்டர் என்ற பெயரில் உள்ளே வைத்துவிட்டது. அந்தக் காலத்துச் சோதனைகளில் அதற்குக் கடைசி பெஞ்சுதான். பிறகு நிலைமை மாறியது. கோடிக்கணக்கான விண்டோஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து வரும் தகவலை வைத்து, சந்தேகமான கோப்பை மைக்ரோசாஃப்டின் சர்வரிலேயே அலசித் தீர்ப்புச் சொல்லும் முறைக்கு அது நகர்ந்தது. இப்போது ஏவி-டெஸ்ட் சுற்றுகளில் 18-க்கு 18 வாங்குவது அதற்குப் பழகிப்போன விஷயம்.

பலவீனங்களும் அங்கிருந்தேதான் வருகின்றன. இணையத்தைத் துண்டித்துவிட்டுச் சோதித்தால் டிஃபெண்டரின் கண்டுபிடிக்கும் திறன் நன்றாகவே இறங்குகிறது. யார் யாரோ கொடுக்கும் பென்டிரைவை இணையமில்லாத கம்ப்யூட்டரில் செருகுபவருக்கு இது முக்கியம். நாள் முழுக்க வைஃபையில் இருக்கும் வீட்டுக்கு அவ்வளவாக இல்லை. மொத்தமாகக் கோப்புகளைக் காப்பி செய்யும்போதும், பெரிய ஜிப்பைப் பிரிக்கும்போதும் கொஞ்சம் இழுக்கும். இன்னொன்று: எல்லோரிடமும் இருப்பதால், நச்சுநிரல் எழுதுகிறவன் முதலில் தாண்டிப் பார்க்கும் வேலியும் இதுதான்.

பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. மோசடித் தளங்களைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன், பிரவுசருக்குள் மைக்ரோசாஃப்டின் எட்ஜில்தான் முழுதாக வேலை செய்கிறது. நீங்கள் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ பயன்படுத்தினால் அங்கே காவலுக்கு நிற்பது கூகுளின் சேஃப் பிரவுசிங். அதுவும் நல்ல காவலாளிதான். ஆனால் “டிஃபெண்டர் ஃபிஷிங்கை எவ்வளவு தடுக்கிறது” என்று ஒரு சோதனை சொன்னால், எந்தப் பிரவுசரில் சோதித்தார்கள் என்று பார்க்காமல் அந்த எண்ணை நம் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

டிஃபெண்டரை அப்படியே விட்டுவிடுவதும் சரியில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து நாலு இடத்தைப் பார்க்க வேண்டும். கிளவுட் பாதுகாப்பு (மேலே சொன்ன சர்வர் அலசல்) இயங்குகிறதா, டேம்பர் ப்ரொடெக்ஷன் இயங்குகிறதா என்பது முதல் இரண்டு. பின்னது, நச்சுநிரல் உள்ளே வந்து டிஃபெண்டரையே அணைத்துவிடாமல் தடுப்பது. மூன்றாவது, வேண்டாத மென்பொருள்களைத் தடுக்கும் வசதி. இலவச பிடிஎஃப் கருவியோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார் வகையறாக்களை அதுதான் நிறுத்தும். நாலாவது கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் வேலை எளிது: முன்பின் தெரியாத எந்த மென்பொருளும் உங்கள் ஆவணங்கள், படங்கள் இருக்கும் ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிரான உருப்படியான தடுப்பு. இதை மைக்ரோசாஃப்ட் அணைத்து வைத்தே கொடுக்கிறது, காரணமும் இருக்கிறது. முதல் வாரம் பழைய போட்டோ எடிட்டர், ஏதாவது ஒரு கேம் என்று நியாயமானவற்றையும் தடுத்து எரிச்சலூட்டும். ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்துப் பழக்க வேண்டும். அக்காவின் கம்ப்யூட்டரில் மூன்று மென்பொருளுக்கு அனுமதி கொடுத்த பிறகு சத்தமில்லை.

இலவசம் என்ற வழி

இதை நான் சீக்கிரமே கழித்துவிட்டேன். டிஃபெண்டர் கடைசி பெஞ்சில் இருந்த நாளில், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா போன்ற இலவசங்கள்தான் பாதி உலகத்தைக் காப்பாற்றின. அதை மறுக்க முடியாது. இன்று அவை டிஃபெண்டரைவிடக் கூடுதலாகக் கொடுப்பது கொஞ்சம். பதிலுக்கு எடுத்துக்கொள்வது அதிகம். குறைந்தபட்சம் உங்கள் கவனத்தையாவது எடுத்துக்கொள்ளும்: பணம் கட்டும் பதிப்புக்கு மாறுங்கள் என்ற பெட்டி, கம்ப்யூட்டரில் 340 குப்பைக் கோப்புகள் என்ற பெட்டி, விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் சேவை) வேண்டாமா என்ற பெட்டி.

அதிகபட்சம் என்ன என்பதற்கு அவாஸ்டின் கதை இருக்கிறது. பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக அது விற்றுக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் செய்தி வெளியானதும் ஜம்ப்ஷாட்டை இழுத்து மூடினார்கள். 2024-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னதோடு, அப்படிப்பட்ட விவரங்களை விளம்பரத்துக்காக விற்கவும் தடை போட்டது. நம்மை உளவிலிருந்து காப்பாற்றுவோம் என்று உள்ளே வந்தவர்கள் செய்த வேலை இது.

இன்னொரு வேடிக்கை. அட்டவணையில் நாலு வரியாகத் தெரியும் நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நாலும் இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கூரையின் கீழ். ஏவிஜியை 2016-ல் அவாஸ்ட் வாங்கியது. அவிராவை நார்ட்டன்லைஃப்லாக் வாங்கியது. 2022-ல் நார்ட்டன்லைஃப்லாக்கும் அவாஸ்டும் ஒன்றாயின. அவாஸ்டுக்கும் ஏவிஜிக்கும் உள்ளே ஓடும், வைரஸைக் கண்டுபிடிக்கும் என்ஜினே ஒன்றுதான். பிட்டிஃபெண்டரின் என்ஜினை வாங்கித் தன் பெயரில் ஓட்டும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே “பத்து ஆன்டிவைரஸை ஒப்பிட்டோம்” என்று யாராவது சொன்னால், உண்மையில் எத்தனை என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஆனால் இலவசத்தில் ஒரு வகை எனக்குப் பிடித்தது: கூப்பிட்டால் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகும் ஸ்கேனர்கள். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, ஈசெட்டின் ஆன்லைன் ஸ்கேனர், மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனர் ஆகியவை இந்த ரகம். கடைசியாகச் சொன்னது, இறக்கிய பத்து நாளில் காலாவதியாகிவிடும். மறுபடி புதிதாக இறக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டாவது டாக்டரிடம் காட்டுவது போல இவற்றில் ஒன்றை ஓட்டலாம். எந்நேரமும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ்கள் இரண்டை ஒரே கம்ப்யூட்டரில் போடுவது வேறு கதை. ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டு, நடுவில் கம்ப்யூட்டர் திணறும்.

பணம் கட்டும் தொகுப்புகள்

இங்கேதான் நேரம் அதிகம் போனது. பிட்டிஃபெண்டர், ஈசெட், நார்ட்டன், மெக்காஃபி, எஃப்-செக்யூர் என்று பட்டியல் நீளம். வைரஸைப் பிடிக்கும் வேலைக்கு மட்டும் இன்று அநேகமாக யாரும் பணம் கேட்பதில்லை. அது டிஃபெண்டரில் சும்மா கிடைக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். எனவே கூடவே பத்துப் பொருளைக் கட்டிப் பொதியாக விற்கிறார்கள். ஒவ்வொன்றையும் பிரித்து, “இது தனியாக விற்றால் வாங்குவேனா?” என்று கேட்டுப் பார்த்தேன்.

விபிஎன்: அடிநிலைப் பொதிகளில் ஒரு நாளைக்கு இத்தனை எம்பிதான் என்று அளவு வைத்திருப்பது வழக்கம். அக்காவுக்கு விபிஎன் எதற்கு என்றே தெரியாது. தள்ளு. பாஸ்வேர்ட் மேனேஜர்: மிகத் தேவையான பொருள். ஆனால் ஆன்டிவைரஸ் சந்தாவோடு அதைக் கட்டிப்போட்டால், நாளைக்கு ஆன்டிவைரஸை மாற்ற நினைக்கும்போது பாஸ்வேர்டுகளையும் பெயர்க்க வேண்டியிருக்கும். பிட்வார்டன் மாதிரி தனியாக நிற்கும் ஒன்று நல்லது. ஃபயர்வால்: விண்டோஸில் இருப்பதே வீட்டுக்குப் போதும். கம்ப்யூட்டரை வேகமாக்கும் கருவி: பேச வேண்டாம்.

மிச்சம் நின்றவை மூன்று. பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, எல்லாப் பிரவுசரிலும் வேலை செய்யும் மோசடித் தளத் தடுப்பு, வங்கிக் கணக்குக்கென்று தனியாகப் பூட்டிய பிரவுசர். மூன்றும் சில வீடுகளுக்கு உண்மையாகவே பயன்படும். குறிப்பாக இரண்டாவது. வருகிற லிங்க்கையெல்லாம் சொடுக்கும் ஒருவர் வீட்டில் இருந்து, அவர் குரோமை விட மாட்டேன் என்றால், காசு கொடுக்க அது ஒரு நியாயமான காரணம். ஐந்தாறு கம்ப்யூட்டரும் போனும் உள்ள குடும்பத்தில், எது அப்டேட் ஆகவில்லை என்று ஒரே பக்கத்தில் பார்க்க முடிவதும் ஒரு வசதி. தூரத்தில் இருக்கும் பெற்றோரின் கம்ப்யூட்டரைக் கவனிப்பவர்களுக்கு அது தெரியும்.

விலையைப் பார்க்கும்போது முதல் வருட விலையைப் பார்க்கவே கூடாது. அது உள்ளே இழுக்கும் விலை. புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று சின்ன எழுத்தில் கீழே இருக்கும். இரண்டு மடங்குக்கு மேல் போவது சாதாரணம். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வாங்கும்போதே இயங்கும் நிலையில் இருக்கும். அக்காவுக்கு நடந்தது அதுதான். வாங்கிய அன்றே கணக்குப் பக்கத்துக்குப் போய் அதை அணைத்துவிட்டால், அடுத்த வருடம் அவர்களாகவே குறைந்த விலையோடு ஓடி வருவார்கள்.

பணத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஆன்டிவைரஸ் என்பது கம்ப்யூட்டரின் ஆழத்தில், எல்லாக் கோப்பையும் திறந்து பார்க்கும் அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மென்பொருள். அது தவறு செய்தால் சின்னத் தவறாக இருக்காது. 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்துப்போட, கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. 2016-ல், மென்பொருள்களில் ஓட்டை தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஸீரோ குழுவிலிருந்த டேவிஸ் ஓர்மண்டி, சைமான்டெக், நார்ட்டன் மென்பொருள்களில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். மின்னஞ்சலில் வந்த கோப்பை நீங்கள் திறக்கவே வேண்டாம். ஆன்டிவைரஸ் அதைச் சோதித்தாலே தாக்குபவன் உள்ளே வந்துவிடலாம். 2024 ஜூலை 19-ஐ எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. அது அலுவலகங்களுக்கான பொருள், வீட்டுக்கு விற்பதில்லை. ஆழத்தில் உட்காருவதன் விலை என்ன என்பதற்காகச் சொல்கிறேன்.

பல தொகுப்புகள் இன்னொன்றும் செய்கின்றன. மறைகுறியாக்கிய ஹெச்டிடிபிஎஸ் இணைப்புக்குள் என்ன போகிறது என்று பார்க்க, தங்கள் சொந்தச் சான்றிதழைக் கம்ப்யூட்டரில் நிறுவி நடுவில் உட்கார்ந்துகொள்கின்றன. பிரவுசர் தயாரிப்பவர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய பூட்டை நடுவில் ஒருவர் திறந்து மறுபடி பூட்டுகிறார். அவர் சரியாகப் பூட்டாவிட்டால் நமக்குத் தெரியாது. அமைப்புகளில் இதை அணைக்க முடியும். நான் பணம் கட்டி ஒன்றை வாங்கினால் முதலில் அணைப்பது இதைத்தான்.

கேஸ்பர்ஸ்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. சோதனைகளில் வருடக்கணக்காக முதல் வரிசை. ரஷ்ய நிறுவனம் என்பதால் 2022 மார்ச்சில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அமைப்பு வேறொன்றுக்கு மாறும்படி அறிவுரை சொன்னது. 2024 ஜூனில் அமெரிக்கா விற்பனைக்கே தடை அறிவித்தது. செப்டம்பர் 29-க்குப் பிறகு அங்கே அப்டேட்டும் இல்லை. அதற்குச் சற்று முன்னால் அமெரிக்கப் பயனர்கள் பலர் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தபோது கேஸ்பர்ஸ்கியைக் காணோம், அந்த இடத்தில் அல்ட்ராஏவி என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. தடை நியாயமா இல்லையா என்பது அரசியல். ஆனால் சந்தா வாங்கியவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு நிறுவனத்தின் மேல் வைத்த நம்பிக்கை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது, அதுவும் கேட்காமல். எந்தச் சோதனைக்கூடமும் இதற்கு மதிப்பெண் போடுவதில்லை.

எது உண்மையில் உள்ளே வருகிறது?

இந்த இடத்தில் நான் மென்பொருளை விட்டுவிட்டு அக்காவின் பழக்கங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

பழைய பாணி வைரஸ், கோப்பிலிருந்து கோப்புக்குத் தாவுவது, இன்று வீடுகளில் அபூர்வம். இன்று வருவது பெரும்பாலும் திருட்டு நிரல். கிராக் செய்த மென்பொருளோடு, கேமில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் நிரலோடு, தேடல் பக்கத்தின் போலி விளம்பரத்தோடு வரும். வந்த சில நொடிகளில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கீ போனால், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்த கணக்குக்குள் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே அவன் நுழையலாம். ஆன்டிவைரஸ் பத்து நிமிடம் கழித்துப் பிடித்தால் திருடன் போன பிறகு கதவைப் பூட்டிய கதை.

கொஞ்ச காலமாக இன்னொரு தந்திரம் ஓடுகிறது. “நீங்கள் மனிதர்தானா என்று உறுதி செய்யுங்கள்” என்று ஒரு பக்கம் வரும். விண்டோஸ் பட்டனையும் ஆர்-ஐயும் அழுத்து, அப்புறம் ஒட்டு, என்டர் தட்டு என்று சொல்லும். தட்டியவர் தன் கையாலேயே நச்சுநிரலை இறக்கி ஓட்டியிருப்பார். இதைச் சில ஆன்டிவைரஸ்கள் சில சமயம் பிடிக்கும். எந்த நல்ல தளமும் அப்படிச் செய்யச் சொல்லாது என்று தெரிந்த ஆள் எப்போதும் பிடிப்பார்.

இந்த வழிகளை அடைக்கும் பொருள்கள் பெரும்பாலும் பாதுகாப்புத் தொகுப்புக்கு வெளியே இருக்கின்றன. விளம்பரத் தடுப்பான் ஒன்று. தேடலில் வரும் போலி விளம்பரங்களைப் பற்றி எச்சரித்தபோது 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்தச் சொன்னது. மோசடித் தளங்களின் முகவரியையே கொடுக்க மறுக்கும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவை) இன்னொன்று; குவாட்9 என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் 9.9.9.9-ஐ ரவுட்டரில் ஒரு தடவை போட்டுவிட்டால் வீட்டிலுள்ள அநேகமாக எல்லாக் கருவிக்கும் பொருந்தும், எல்லாப் பிரவுசருக்கும் பொருந்தும். நான் மேலே சொன்ன டிஃபெண்டரின் ஓட்டையில் பாதி இதில் அடைபடுகிறது. பணம் கட்டிய தொகுப்பு கொடுக்கும் தடுப்பு இதைவிட நுணுக்கமானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டிஎன்எஸ் தளத்தின் பெயரை மட்டும்தான் பார்க்கும், ஒரு நல்ல தளத்துக்குள் ஒளிந்திருக்கும் மோசடிப் பக்கம் அதற்குத் தெரியாது.

அப்டேட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். 2017 மே 12-ல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே அடைப்புக் கொடுத்திருந்தது. நடுவில் இரண்டு மாதம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கூடுதல் அப்டேட்டுக்குப் பதிவு செய்யாமல் விண்டோஸ் 10-லேயே இருப்பவர், எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் அந்த விஷயத்தைத் தீர்க்க வேண்டும். கூரை ஒழுகும் வீட்டில் பூட்டு எந்தக் கம்பெனி என்று விசாரிப்பது போலாகிவிடும்.

அப்புறம் பேக்கப். தனி டிஸ்க், காப்பி எடுத்ததும் கழற்றி வைத்த டிஸ்க். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

நான் என்ன செய்தேன்

அக்காவுக்கு விண்டோஸ் 11. கிராக் மென்பொருள் எதுவும் இல்லை. பிள்ளைகள் பெரியவர்கள். போட்டோக்கள் நிறைய. சொடுக்குவதற்கு முன் யோசிப்பவள். யோசித்துவிட்டுச் சொடுக்கவும் செய்வாள். பழைய ஆன்டிவைரஸைத் தூக்கினேன். சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்தால் மிச்சங்கள் தங்கும் என்பதால், அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை இறக்கி ஓட்டினேன். அது போனதும் டிஃபெண்டர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மேலே சொன்ன நாலு அமைப்பு, விளம்பரத் தடுப்பான், டிஎன்எஸ், ஒரு டிஸ்க். இரண்டாம் கருத்துக்கு ஒரு ஸ்கேனர், அதுவும் மாதம் ஒரு தடவை. பணம் டிஸ்க்குக்கு மட்டும்தான் ஆனது.

இயங்குகிறதா என்று பார்க்க ஐகார் கோப்பை வைத்துச் சோதித்தேன். 68 எழுத்து நீளமுள்ள ஒரு வரி. எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அதைக் கண்டால் வைரஸ் என்று கத்த வேண்டும் என்று பெரும்பாலான ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. காவலாளி விழித்திருக்கிறானா என்பதுதான் இதில் தெரியும், திறமைசாலியா என்பது தெரியாது. டிஃபெண்டர் கத்தியது.

பணம் கட்டுவதை நான் முழுதாக மறுக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு, ஒருவர் ஐந்து கம்ப்யூட்டரைக் கவனிக்கும் குடும்பம், எச்சரிக்கைப் பெட்டியைப் படிக்காமலே சரி சரி என்று தட்டும் ஆள் என்றால் பிட்டிஃபெண்டரையோ ஈசெட்டையோ முதலில் சோதனைக் காலத்துக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். அந்த ஒரு மாதத்தில் பார்க்க வேண்டியது இரண்டு: ஒரு பெரிய ஃபோல்டரைக் காப்பி செய்ய முன்பு எவ்வளவு நேரம், இப்போது எவ்வளவு நேரம், ஒரு வாரத்தில் எத்தனை தடவை நம்மைக் கூப்பிட்டது, அதில் எத்தனை விற்பனைக்காக.

மூன்று வாரம் கழித்து அக்கா மறுபடி போன் செய்தாள். “அந்தச் சிவப்புப் பெட்டி திரும்ப வந்துடுச்சுடா. அஞ்சு வைரஸ் இருக்காம், உடனே புதுப்பிக்கணுமாம்.” நீக்கிய மென்பொருள் எப்படித் திரும்பி வரும் என்று எனக்கே ஒரு நிமிடம் உதறல். திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தேன். பழைய ஆன்டிவைரஸின் சின்னம், அதே நிறம், ஆனால் பெட்டியின் அடியில் சின்னதாக குரோம் என்று எழுதியிருந்தது. ஏதோ சமையல் குறிப்புத் தளத்தில் “அறிவிப்புகளை அனுமதிக்கவா?” என்று கேட்டதற்குச் சரி என்று தட்டியிருக்கிறாள். அந்தத் தளம் தினமும் போலி எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. டிஃபெண்டர் சத்தமே போடவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு கோப்பும் வந்திருக்கவில்லை, எதைப் பிடிக்கும்? குரோமின் அமைப்புகளில் அறிவிப்புப் பட்டியலைத் திறந்தால், அந்தத் தளத்தோடு சேர்த்துப் பதினோரு தளங்கள் வரிசையாக அனுமதி வாங்கி வைத்திருந்தன. பதினொன்றையும் நீக்கிவிட்டு, இனி யாரும் கேட்கவே கூடாது என்ற பட்டனையும் அழுத்தினேன்.

“புதுப்பிக்க எவ்வளவு கேட்டான்?” என்று விசாரித்தேன். பழைய சந்தாவில் பாதிதானாம். கார்டை எடுத்துவரப் போனவள், சந்தேகம் வந்துதான் எனக்குப் போன் செய்திருக்கிறாள்.